மௌனமும் சம்மதமும்

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. இக்கருத்தை ஆங்கிலத்தார் 'டசிற்' என்னும் அடைமொழியால் உணர்த்துவர். பேசாதிருத்தல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையடியிற் பிறந்த இச்சொல், வாயாற் கூறப்படாது நடத்தையால் உய்த்துணரப்படும் உடன்பாட்டைக் குறிக்கும். ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் பஸ்ஸில் ஏறுபவன், கட்டணம் செலுத்துவேன் என எவருக்கும் வாக்களிப்பதில்லை. ஏறி அமர்ந்தமையே அவனது உடன்பாடு. இத்தகைய பேசாவுடன்பாடுகள் இன்றேல் அன்றாட வாழ்வு நடவாது. ஆகவே சொல்லிற் குறையில்லை. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே ஆராய்தற்குரியது.

அரசியல் மெய்யியலில் இதற்குப் பேரிடம் அளித்தவர் ஜோன் லொக். ஒரு நாட்டில் நிலமுடையவன் மட்டுமன்றி, அதன் பெருந்தெருவில் நடந்துசெல்பவனும் அந்நாட்டரசுக்குப் பேசாது இசைந்தவனே என 1689இல் அவர் வாதித்தார். 1748இல் டேவிட் ஹியூம் இதனை மறுத்தார். நாட்கூலியில் உயிர்வாழ்பவனும் பிறநாட்டு மொழி அறியாதவனுமான ஏழை நாட்டைவிட்டு நீங்காமை சம்மதமாகுமா என்பது அவரது வினா. உறக்கத்திற் கப்பலேற்றப்பட்டவன், கடலிற் குதித்து மாளாமையாற் கப்பற்றலைவனுக்கு இசைந்தான் என்பது போன்றதே அவ்வாதம் என்றார் அவர்.

மலையகத் தோட்டங்களின் வரலாற்றில் இவ்வுவமை உண்மையாகவே நிகழ்ந்துள்ளது. கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலாதவாறு கட்டிவைத்த துண்டு முறை 1921இலேயே தடைசெய்யப்பட்டது. அதுவரை, விடியலிற் பிரட்டுக்களத்தில் வந்து நின்றவன் தோட்ட வாழ்வுக்கு இசைந்தே நின்றான் எனல் தகுமா? நீங்கும் வழி அடைபட்டவிடத்து, நின்றமை எதற்கும் சான்றாகாது.

பேசும் வாய்ப்புக் கிடைத்தபோது அம்மக்கள் பேசவே செய்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வாறு தெரிவானவர்களே. ஆயின் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. வாயடைத்த பின்னர் எழும் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்வது நேர்மையன்று.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. இரு அரசுகளுக்கிடையே அது உடன்பாடு. லயங்களில் வாழ்ந்தோர்க்கோ அது தீர்ப்பு.

விண்ணப்பப் படிவத்தில் அவர்கள் தாமே ஒப்பமிட்டனர், ஆதலால் அது சம்மதமே எனச் சிலர் கூறக்கூடும். விண்ணப்பங்களே இதற்கு விடை பகர்கின்றன. இந்தியப் பிரஜாவுரிமை கோரியோர் தொகை ஒதுக்கப்பட்ட அளவை எட்டவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கோரியோரோ 300,000ஐ வெகுவாக விஞ்சினர். வினவப்பட்டபோது மக்கள் கூறிய விடையும், அவர்கள் பெயரால் முன்னரே எழுதப்பட்ட விடையும் வேறுவேறாயிருந்தன. ஹட்டன் புகையிரத நிலையத்திற் கதறியழுது விடைபெற்றோரின் குரலும் மௌனமன்று.

எனவே மௌனம் சம்மதமாதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். நிகழவிருப்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். மறுத்தால் வாழ்விழக்கும் நிலை இருத்தலாகாது. மறுப்பைச் செவிமடுக்க ஓரிடம் இருத்தல் வேண்டும். பஸ்ஸில் ஏறுபவனுக்கு இம்மூன்றும் உண்டு. 1964இல் தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் முழுமையாக இருக்கவில்லை.

எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 1948இற்கும் 2003இற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள். அத்துணைக் காலம் ஒரு சமூகம் பேசாதிருந்தது எனின், கேட்பார் இருந்தனரா என்று முதலில் வினவுதலே அறம்.