பெயர் இருக்கிறது, சன்னல் இருக்கிறதா?
செவன் ஹில்ஸ் பகுதியில் உள்ள என் வீட்டில், கடைசி ரயில்கள் போகும் நேரம். பைத்தானில் டிகின்டர் என்ற சன்னல் நூலகத்தை வைத்து எழுதிய என் சிறு நிரல் திரும்பத் திரும்ப விழுந்தது. துணைச் சன்னலை மூடியபின் அரை நொடி கழித்து, பின்னால் ஓடிய கடிகாரம் அதே சன்னலில் நேரத்தை எழுதப் போயிருக்கிறது. 'டெஸ்ட்ராய்' சன்னலைத்தான் அழிக்கும். நிரலில் நாம் வைத்த பெயர் அப்படியே நிற்கும். ஆகவே, பெயர் காலியா என்று பார்த்துப் பயனில்லை. 'வின்ஃபோ_எக்ஸிஸ்ட்ஸ்' என்று கேட்க வேண்டும்: இருந்தால் 1, இல்லையென்றால் 0. முதன்மைச் சன்னலே போய்விட்டால், கேட்பதே பிழையாகிவிடும்.

இதே சிக்கலுக்கு, கியூட்டி என்ற இன்னொரு சன்னல் நூலகத்தில் உள்ள 'கியூபாயின்டர்' எனக்கு மிகவும் பிடிக்கும். அது சுட்டும் பொருள் அழிந்ததும் அது தானே வெறுமையாகிவிடுகிறது. சன்னல் இருக்கிறதா என்று கேட்கும் விண்டோஸின் 'இஸ்விண்டோ' ஆம் என்றாலும் அப்படியே நம்பக்கூடாது. அழிந்த சன்னலின் கைப்பிடி எண் இதற்குள் வேறொரு சன்னலுக்குப் போயிருக்கலாம்.

இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொண்டிருப்பதை நான் விரும்புவதில்லை. சன்னலை மூடும் இடத்திலேயே 'ஆஃப்டர்_கேன்சல்' எழுதிக் கடிகாரத்தை நிறுத்தினேன். அன்றிரவு நிரல் மறுபடி விழவில்லை.