எத்தனை வள்ளம் கரை பிடித்தது?



இரண்டு நாளாக நம் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டிச் சத்தம் ஓயவில்லை. முளைத்த புல்லைச் செதுக்கினீர்கள். சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள். உப்புக்காற்று அழித்துவிட்ட பெயர்களை மறுபடியும் கறுப்பு மையில் எழுதினீர்கள். ஒரு பையன் தன் தாத்தாவின் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டே எழுதியதைப் பார்த்தேன். அந்தத் தாத்தாவை அவன் கண்ணால் கண்டதில்லை. கூலிக்கு ஆள் வைத்து வெள்ளையடித்தவர்களும் உண்டு. உடம்புக்கு முடியாதவர்களைச் சொல்லவில்லை. முடிந்தவர்கள் அடுத்த வருடம் ஒரு பிடி புல்லையாவது உங்கள் கையால் பிடுங்கிப் பாருங்கள். அந்த ஒரு பிடியில் நெஞ்சுக்குள் என்னவெல்லாம் வருகிறது என்று தெரியும்.

கல்லறைத் திருநாளை ஏன் சாமி நவம்பரில் வைத்தார்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். 998-ஆம் ஆண்டுவாக்கில் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவர் புனித ஓடிலோ, சகல புனிதர்கள் திருநாளுக்கு மறுநாள் இறந்தோர் அனைவருக்காகவும் செபிக்க வேண்டும் என்று தம் மடங்களுக்குக் கட்டளையிட்டார். அது மெல்ல மெல்லத் திருச்சபை முழுவதற்கும் வழக்கமானது. செபத்தோடு ஏழைகளுக்குத் தருமமும் கொடுக்கச் சொன்னார். இதை நாம் மறந்துவிட்டோம். அப்புறம் அதற்கு வருகிறேன்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட் மக்களுக்கு இதே நாட்களில்தான் குளிர்காலம் பிறந்தது. அக்டோபர் 31 இரவில் தொடங்கும் அந்த நாளுக்குச் சவ்வின் என்று பெயர். கைப்பேசியில் நம் பிள்ளைகள் பார்க்கும் பேய் முகமூடிகள் அங்கிருந்து கிளம்பி, உருமாறி வந்தவைதான். பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அதன் அடியில் இருந்தது என்ன என்று சொல்லிக்கொடுங்கள். கோடை முழுக்க மலை மேய்ச்சலில் இருந்த மாடுகளை அன்றைக்குக் கீழே ஓட்டிவருவார்கள். எத்தனை திரும்பின, எவை பனியைத் தாங்கும், எவை தாங்காது என்று பட்டியில் நின்று பார்ப்பார்கள். மேட்டில் பெருந்தீ மூட்டுவார்கள். பின்னாளில் கிறிஸ்தவ அயர்லாந்தில் பாட்டிமார் இன்னொன்றும் செய்தார்கள். இறந்தோர் நாளின் இரவில் கதவைத் தாழிடாமல், அடுப்பில் தீ அணையாமல், பக்கத்தில் ஓர் இருக்கையைக் காலியாக விட்டுப் படுப்பார்கள். வீட்டில் இறந்தவர்களை நினைத்து ஆளுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

வெளிச்சம் குறைகிற காலம் வரும்போது மனிதன் முதலில் செய்வது, தன்னுடையவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்ப்பது. இது நமக்குத் தெரியாததா? அமலிநகரிலும் ஆலந்தலையிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் பிறந்த எந்தத் தாய்க்கு இது தெரியாது? வானம் கறுத்தால் இடுப்பில் பிள்ளையோடு கரைக்கு ஓடிவந்து, வள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணியவர்கள் நீங்கள்.

நமக்குப் பனி கிடையாது. நம்முடைய குளிர்காலம் தண்ணீராக வருகிறது. கச்சான் ஓய்ந்து வாடை எழும்பி, ஐப்பசி கார்த்திகை அடைமழை பிடிக்கிறது. இந்த நாட்களை ஒட்டித்தான் திருச்செந்தூர்க் கோயிலில் கந்தசஷ்டி விரதம். 2024-இல் அந்த விரதம் தொடங்கியதும் நம் கல்லறைத் திருநாளும் ஒரே நாளில் வந்தன. நம் இந்துச் சகோதரர்கள் அந்த ஆறு நாளும் கடற்கரையில் நோன்பிருந்து கிடக்கிறார்கள். கார்த்திகையில் வாசலெல்லாம் விளக்கு வைத்து, கோயில் முன்னால் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். இருட்டு கூடுகிற நேரத்தில் அண்டை வீட்டார் தீ மூட்டும்போது, அதை மரியாதையோடு பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. ஒரு வருடம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை ஒரு பகல் ஓர் இரவில் கொட்டியது. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பக்கத்து ஊர்க்காரர்கள் அரிசி திரட்டி, சோறாக்கி, முகம் தெரியாத அந்தப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் நாமும் தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். இந்த வீட்டில் எத்தனை பேர், மாடியில் யார், அந்தக் கிழவர் எங்கே என்று எண்ணினோம்.

நம் ஆண்டவரும் எண்ணுகிறவர். நூறு ஆட்டில் ஒன்று குறைந்தால் அவருக்குக் கணக்குச் சரிவராது. தந்தை தம்மிடம் ஒப்படைத்த ஒருவரையும் இழந்துவிடாமல் கடைசி நாளில் எழுப்புவேன் என்று யோவான் நற்செய்தியில் வாக்குக் கொடுக்கிறார். உயிர்த்த பிறகு திபேரியாக் கடலோரத்தில் அவர் என்ன செய்தார்? விடியற்காலையில் கரியில் தீ மூட்டி, மீன் சுட்டு, கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரக் காத்திருந்தார். கடல்தொழில் செய்யும் நமக்கு இதைவிட நெருக்கமான ஓர் இடம் வேதத்தில் கிடையாது என்று நான் நம்புகிறேன்.

சில வருடங்களுக்கு முன் இதே நாளில், வரிசையாகக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்தேன். தோட்டத்து வாசலில் ஒரு பாட்டி, மெழுகுதிரியை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவுகளுக்குக் குழி இல்ல சாமி. கடல்லதான் கிடக்காக. நான் எங்க போய்க் கொளுத்த?"

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனையோ வருடம் இந்தத் தோட்டத்தின் சுவருக்குள் இருந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருக்கிறேன். அது என் குற்றம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, குமரிக் கடற்கரையில் உடல் கிடைக்காமலே பூசை வைத்த வீடுகள் எத்தனை! நம் பாதுகாவலர் புனித சவேரியாரும் 1552 டிசம்பர் 3 அன்று, தாம் நேசித்த இந்தக் கரையை விட்டு வெகுதூரத்தில், சான்சியான் தீவில், உற்றார் யாரும் பக்கத்தில் இல்லாமல்தான் கண்மூடினார்.

அன்று பாட்டியோடு கரைக்குப் போனேன். வாடை திரியை நிற்கவிடவில்லை. அவரே ஒரு சிரட்டையைத் தேடி எடுத்து, பாதிக்கு மணல் போட்டு, அதற்குள் மெழுகுதிரியை நட்டார். கடலைப் பார்த்துக் கணவரின் பெயரை ஒரு தடவை சொன்னார். நான் தீர்த்தத்தைத் தண்ணீரில் தெளித்தேன். அவ்வளவுதான் சடங்கு.

இந்த மாதம் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். எட்டாம் தேதிவரை கல்லறையைச் சந்தித்துச் செபித்தால், பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்காகவும் செபிக்கிறவர்கள் தங்கள் இறந்தோருக்குப் பரிபூரணப் பலனை ஒப்புக்கொடுக்கலாம். அதோடு வீட்டில் ஒன்று செய்யுங்கள். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் இறந்தவர்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். அப்பாவுக்குச் சாளைக் குழம்பு பிடிக்குமென்றால் அதையே வையுங்கள். முதல் கிண்ணத்தை, தெருவில் தனியாக இருக்கும் ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஓடிலோ சொன்ன தருமம் அதுதான். எந்த வீடு என்று உங்கள் அன்பியத்தில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டுக்குப் பத்துக் கிண்ணம் போய், இன்னொரு வீடு விடுபட்டுவிடக் கூடாது.

பூசை முடிந்ததும் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். அதன்பிறகு பீடச் சிறுவர்களோடு நான் கரைக்கு வருகிறேன். கடலில் ஆளை விட்டவர்கள் சிரட்டை கொண்டு வாருங்கள். காற்று பலமாக இருக்கிறது, தீப்பெட்டி இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.