எடுக்க முடியாத புதையல்

புதையல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மண்வெட்டியும் கையுமாக நிற்கும் ஒரு மனிதனே நம் மனக்கண்முன் தோன்றுகிறான். தேடுதல், தோண்டுதல், எடுத்தல், கொண்டுபோதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே புதையல் வேட்டை. இவற்றுள் தேடுதலை மட்டும் வைத்துக்கொண்டு ஏனைய மூன்றையும் விலக்கிவிட்டால், எஞ்சுவது புதையலாகுமா? எடுத்துக்கொள்ளாமலே ஒன்றை நமதாக்கிக்கொள்ள இயலுமா? அமெரிக்க நாட்டுத் தேசியப் பூங்காக்களில் விடுமுறையைக் கழிக்கச் செல்வோரிடையே வழங்கிவரும் ஒரு விளையாட்டு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

அதன் தோற்றத்தை முதலில் காண்போம். இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வழங்கிவந்தது. 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அந்நிலை மாறியது. மறுநாளே ஒரேகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் சில பொருள்களை ஒரு வாளியில் இட்டுக் காட்டோரத்தில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பிறர்க்கு அறிவித்தார். கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டு, தம் வருகையைக் குறிப்பேட்டில் எழுதிச் செல்ல வேண்டும். 'ஜியோகேச்சிங்' எனப்படும் விளையாட்டு இவ்வாறு பிறந்து உலகெங்கும் பரவிற்று.

ஆயின் தேசியப் பூங்காக்களில் இது தடைப்பட்டது. அங்கு மண்ணைத் தோண்டுவதும், பொருளை மறைத்துவைத்துச் செல்வதும் இயற்கைக்கு ஊறு விளைவிக்கும் அன்றோ? 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க நிலவியல் கழகத்தின் முயற்சியால் ஒரு மாற்று வழி உருவாயிற்று. 'எர்த்கேச்' என்பது அதன் பெயர். இதில் பெட்டியும் இல்லை, வாளியும் இல்லை. குறிப்பிட்ட இடத்தை அடைந்தவர் காண்பது ஒரு பாறையை, ஒரு வெந்நீர் ஊற்றை, அல்லது ஆறு அரித்த ஒரு பள்ளத்தாக்கைத்தான். அவ்விடம் உருவான வரலாறு ஒரு பாடமாகத் தரப்படும். அங்கு நின்று உற்று நோக்கி விடை காண வேண்டிய சில வினாக்களும் கேட்கப்படும். விடைகளை எழுதி, பாடத்தை அமைத்தவருக்கு அனுப்ப வேண்டும். தேடியவர் அடையும் புதையல் அந்த அறிவே.

அரிசோனா மாநிலத்தில் 'பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்' என்னும் கல்மரக் காடு உள்ளது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வீழ்ந்த பெருமரங்கள் ஆற்று வண்டலிலும் எரிமலைச் சாம்பலிலும் புதையுண்டன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த மணற்சத்து, அழியும் மரத்தின் இடத்தை அணு அணுவாக நிரப்பிற்று. மரம் பளிங்குக் கல்லாயிற்று. இரும்புச்சத்து அதற்குச் செம்மையும் மஞ்சளும் தீட்டிற்று. அங்குக் கிடக்கும் அடிமரங்கள் வாளால் அறுத்தாற்போல் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அறுத்தவர் யார்? அருகில் சென்று குனிந்து நோக்குபவர்க்கே விடை கிடைக்கும். எவரும் அறுக்கவில்லை. அப்பளிங்கு கடினமானது, ஆயினும் வளையாதது. நிலம் மேலெழுந்தபோது அழுத்தம் தாங்காமல் அது நேர்க்கோடாய் வெடித்துப் பிளந்தது. இவ்விடையைக் கண்டவரின் கைகள் வெறுமையாகவே உள்ளன. ஆயினும் அவர் வந்தபடியே திரும்புவதில்லை.

அதே காடு வேறொரு செய்தியையும் நமக்குத் தருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், உள்ளிருக்கும் படிகங்களுக்காக அக்கல்மரங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவ்விடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தார். 1962-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும், காண வந்தவர்கள் சிறு துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செல்வது நிற்கவில்லை. பின்னர் அவர்களுள் பலர், சிலர் பல ஆண்டுகள் கழித்து, அத்துண்டுகளை மன்னிப்புக் கடிதத்துடன் அஞ்சலில் திருப்பி அனுப்பினர். பூங்கா நிருவாகம் அக்கடிதங்களைப் பேணிவைத்துள்ளது. கற்களையோ எடுத்த இடத்தில் மீண்டும் வைக்க இயலவில்லை. எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்பது எவர்க்கும் தெரியாது. தவறான இடத்தில் வைத்தால் ஆய்வாளர்க்கு அவை பொய் சொல்லும். எனவே அவை ஓரிடத்தில் குவிக்கப்பட்டுள்ளன. அதனை 'மனச்சான்றுக் குவியல்' என்றே அழைக்கின்றனர்.

இக்குவியல் நமக்கு உணர்த்தும் உண்மைகள் சில உண்டு.

'ஒரு சிறு கல்தானே, இதனால் யாருக்கு என்ன இழப்பு?' என்பது எடுப்பவரின் முதல் வாதம். திருச்சபை இவ்வாதத்தை நன்கறியும். சிறு சிறு திருட்டுகளால் சேர்ந்த தொகை எவ்வளவு பெரிதாயினும், அதனைத் திருப்பித் தரும் கனமான கடமை இல்லை என்று கூறிய தளர்நெறிக் கருத்தைத் திருத்தந்தை 11-ஆம் இன்னொசென்ட் 1679-இல் கண்டித்தார். ஒருவர் பலமுறை எடுப்பதற்குப் பொருந்தும் இந்நீதி, பலர் ஒருமுறை எடுப்பதிலும் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். பொதுச் சொத்தை எவரும் ஒரே நாளில் கொள்ளையிடுவதில்லை. ஒவ்வொருவரும் 'ஒன்றுதானே' என்று எடுப்பதாலேயே அது கரைகிறது. இன்னும் பிறவாத தலைமுறைக்கும் அதில் பங்குண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் தலைமுறைகளுக்கிடையிலான இந்நீதியை வலியுறுத்தியது.

அடுத்து, திருப்பித் தந்தாலும் தீராத இழப்பு ஒன்று உண்டு. கல்லுக்கு மதிப்பைத் தருவது அதன் நிறம் மட்டுமன்று, அது கிடக்கும் இடமும் ஆகும். இதனை உலகுக்கு முதலில் தெளிவாக உரைத்தவர் ஒரு கத்தோலிக்கர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். 1638-இல் கோபன்ஹேகனில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ சிறந்த உடற்கூற்று அறிஞர். லூத்தரன் சபையில் வளர்ந்த அவர் 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பாறை அடுக்குகளில் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்னும் விதியை 1669-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1675-இல் குருவாகவும், 1677-இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஸ்டெனோவின் விதிப்படி நோக்கினால், அடுக்கில் உள்ள கல் வாக்கியத்தில் உள்ள சொல்லைப் போன்றது. சொல்லை மட்டும் பிடுங்கிச் செல்பவன் வாக்கியத்தைச் சிதைக்கிறான். தன் கையிலுள்ள சொல்லின் பொருளையும் இழக்கிறான். களவின் தீங்கு பொருளை இழப்பதோடு முடிவதில்லை. அதனாலன்றோ, பாவம் மன்னிக்கப்பட்ட பின்னரும் அதன் விளைவுகள் எஞ்சுகின்றன என்று நம் மறை கற்பிக்கிறது!

இனி அக்கடிதங்களை நோக்குவோம். கல்லை எடுத்தது முதல் நோயும் வேலையிழப்பும் குடும்பப் பிரிவும் தம்மைத் தொடர்ந்தன என்று பலர் எழுதியுள்ளனர். கெட்ட சகுனத்துக்கு அஞ்சி அவர்கள் கல்லைத் திருப்பி அனுப்பினர். இதில் மூடநம்பிக்கை கலந்துள்ளது. கல் எவரையும் தண்டிப்பதில்லை. ஆயினும் இதனை எள்ளி நகையாட வேண்டா. தண்டனைக்கு அஞ்சி வரும் மனத்துயர் நிறைவற்றதே. எனினும் அதுவும் இறையருளின் தூண்டுதலாக இருக்கக்கூடும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1551-இல் கற்பித்தது. அச்சம் மனிதனை வாயிற்படிவரை அழைத்து வரலாம். வீட்டுக்குள் அழைத்துச் செல்வது அன்பே. 'எனக்குத் தீங்கு வந்தது' என்பதிலிருந்து 'நான் தீங்கிழைத்தேன்' என்பதற்கு நகரும்போதுதான் உத்தம மனஸ்தாபம் பிறக்கிறது.

இங்கு ஒரு தடை எழலாம். கத்தோலிக்கராகிய நாம் கண்ணால் கண்டு கையால் தொட்டு வழிபடுபவர்கள். புனிதரின் திருப்பண்டங்களை முத்தமிடுகிறோம். திருத்தலத்து நீரை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். நினைவுக்காக ஒரு பொருளை விரும்புவது எவ்வாறு குற்றமாகும்? தடை நியாயமானதே. உடலோடு படைக்கப்பட்ட மனிதன் நினைவுச் சின்னத்தை நாடுவது இயல்பு. ஆயின் திருவருட்சாதனங்களில் நாம் கைநீட்டிப் பெறுகிறோம், பறித்துக்கொள்வதில்லை. தரப்படுவதற்கும் எடுக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடே கொடைக்கும் களவுக்கும் உள்ள வேறுபாடு. கல்மரத் துண்டு ஒன்றை விரும்புவோர்க்கு, பூங்காவுக்கு வெளியே தனியார் நிலங்களில் சேகரிக்கப்பட்டவை நேர்மையான விலைக்குக் கிடைக்கின்றன.

அப்படியாயின், எதையும் எடுக்காமல் அறிவை மட்டும் தேடுபவர் குற்றமற்றவரா? அங்கும் ஆசை நுழைய வழியுண்டு. எர்த்கேச் விளையாட்டில் கண்டுபிடிப்புகளின் எண்ணிக்கை ஒவ்வொருவர் பெயரிலும் ஏறிக்கொண்டே போகும். எண்ணிக்கையைப் பெருக்க விரும்பி, பாறையின்முன் ஒரு நிமிடமும் நில்லாமல் அடுத்ததற்கு ஓடுவோர் உண்டு. அவ்விடத்துக்குச் செல்லாமலே பிறருடைய விடைகளைப் பார்த்து எழுதி அனுப்புவோரும் உண்டு. அவர்கள் கல்லைத் திருடவில்லை. ஆயினும் காணாததைக் கண்டதாகக் கூறுகின்றனர். புனித அகுஸ்தீனார் பயன்படுத்தலையும் இன்புறுதலையும் வேறுபடுத்திக் காட்டினார். படைப்பு இறைவனிடம் நம்மை இட்டுச்செல்லும் வழி. வழியையே முடிவாகக் கொண்டு அதில் தங்கிவிடலாகாது. தன் பெருமைக்காகப் படைப்பை எண்ணிக்கையாக்குபவன் வழியையும் காண்பதில்லை, முடிவையும் காண்பதில்லை. வெறுங்கை மட்டும் போதாது. வெறுமையான நெஞ்சமும் வேண்டும்.

மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் பிரிவில் வரும் புதையல் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு சிறு குறிப்பை எளிதில் கடந்துவிடுகிறோம். புதையலைக் கண்டவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மீண்டும் அதை மூடி மறைத்துவைக்கிறான். மகிழ்ச்சியோடு சென்று தனக்குள்ளதையெல்லாம் விற்று, அந்த நிலத்தையே வாங்குகிறான். புதையல் இருந்த இடத்திலேயே இருக்கிறது; இடம்பெயர்ந்தவை அவனுடைய உடைமைகளே. விண்ணரசின் செல்வத்தை நாம் நம் வாழ்வுக்குள் சுருக்கி எடுத்துக்கொள்ள இயலாது. நம் வாழ்வைக் கொடுத்து அதற்குள் செல்லலாம்.

எனவே, விடுமுறையில் மலைக்கோ ஆற்றங்கரைக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். வழவழப்பான ஒரு கல்லைக் காட்டி, 'இதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?' என்று குழந்தை கேட்கும். 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட வேண்டா. அருகில் அமர்ந்து, 'இது இங்கே எப்படி வந்திருக்கும், சொல் பார்ப்போம்' என்று திருப்பிக் கேளுங்கள். விடை தேடும் அந்த வேளையில், அந்தக் கல் கிடந்த இடத்திலேயே குழந்தைக்குச் சொந்தமாகிவிடும். அடுத்து வரும் குழந்தைக்கும் அது அங்கே காத்திருக்கும்.