ஒரே கூரையின்கீழ் இரண்டு பீடங்கள்

கோவில் என்பது இறைவன் உறையும் இடமா, அவரை வழிபடுவோர் கூடும் இடமா என்ற பழைய கேள்வி, இரண்டு திருச்சபைகள் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ள முற்படும்போது கட்டடக்கலைஞரின் வரைபடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் வழிபாடு முடிந்த பின்னரும் கிறிஸ்துவின் உடலாகவே நிலைத்திருக்கிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கையாதலால், அது நற்கருணைப் பேழை எனப்படும் பூட்டிய பெட்டகத்தில் வைக்கப்பட, ஆளில்லாத வேளையிலும் அவ்விடம் வணக்கத்துக்குரியதாகிறது. சீர்திருத்தச் சபையினரோ, இறைவார்த்தை அறிவிக்கப்பட்டுத் திருவிருந்து பகிரப்படும் கூடுகையையே முதன்மையாகக் கருதுவதால், சபை கலைந்த பின் கட்டடத்துக்குத் தனிப் புனிதம் ஏற்றுவதில்லை.

ஜெர்மனிக்கு இச்சிக்கல் புதிதன்று. பவுட்சன் நகரின் தூய பேதுரு ஆலயத்தில் 1524 முதல் தலைப்பீடம் அமைந்த பகுதி கத்தோலிக்கருக்கும், மக்கள் அமரும் நீண்ட கூடம் லூத்தரனியருக்கும் உரியவை. இடையே ஒரு தடுப்பு உண்டு. அது நட்பால் விளைந்த ஏற்பாடன்று. வேறு வழியின்றி ஏற்கப்பட்டது.

பிரைபுர்க் நகரின் ரீசல்பெல்டு பகுதியில் 2004-இல் திறக்கப்பட்ட மரிய மக்தலேனா ஆலயம் விரும்பி மேற்கொண்ட பகிர்வுக்குச் சான்று. நகரின் கழிவுநீரைப் பாய்ச்சிச் சுத்திகரித்த பழைய வயல்களின்மீது 1990களில் எழுந்த புதுக் குடியிருப்பு அது. பிரிக்க வேண்டிய பழைய ஆலயம் எதுவும் அங்கு இல்லாததால், இரு தரப்பினரும் முதலிலிருந்தே சேர்ந்து திட்டமிட முடிந்தது. கிஸ்டர் ஷைட்ஹாவர் குரோஸ் கட்டடக்கலை நிறுவனம் பூச்சற்ற கான்கிரீட்டால் எழுப்பிய அக்கட்டடத்தில், கத்தோலிக்க ஆலயம் ஒருபுறமும் சீர்திருத்த ஆலயம் மறுபுறமும் அமைய, நடுவே பொது முன்கூடம் உள்ளது. அவற்றைப் பிரிப்பவை நகர்த்தக்கூடிய கனத்த கான்கிரீட் சுவர்கள். திறந்தால் மூன்றும் ஒரே வெளியாகின்றன. பாரத்தைத் தாங்கி அசையாது நிற்பதே சுவரின் இயல்பு என்றிருக்க, இங்கே அது பிளவு உண்டென்பதையும் அது இறுதியானதன்று என்பதையும் ஒருசேரச் சொல்கிறது.

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் 1992-இல் அர்ப்பணிக்கப்பட்ட 'மூலைக்கல்லாகிய கிறிஸ்து' ஆலயம் வேறு வழியைத் தேர்ந்தது. ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், ஐக்கிய சீர்திருத்தச் சபை, கத்தோலிக்கம் ஆகிய ஐந்து மரபினருக்கும் அங்கே கூடம் ஒன்றே. ஆயினும் கத்தோலிக்கத் திருப்பலி தனி நேரத்தில் நிகழ்கிறது. பிரைபுர்க்கில் இடத்தைப் பிரித்தது எதுவோ, அதுவே இங்கு நேரத்தைப் பிரிக்கிறது. சுவரே இல்லாத கூடம் தாராளமானதாகத் தோன்றினாலும், பிரிவைக் கால அட்டவணைக்குள் மறைத்துவிடுகிறது. கண்முன் நிற்கும் சுவர் அதைவிட நேர்மையானது.

கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான வத்திக்கானின் 1993-ஆம் ஆண்டு வழிகாட்டி, பகிரப்படும் ஆலயங்களில் நற்கருணையை வைக்கத் தனி அறையோ சிற்றாலயமோ அமைப்பதைக் கருதலாம் என்கிறது; அதாவது, கூரை பொதுவாகலாம், பேழை பொதுவாகாது. திருமுழுக்கில் நிலைமை வேறு: 2007-இல் மாக்டபுர்க் பேராலயத்தில் ஜெர்மனியின் 11 திருச்சபைகள் ஒன்றன் திருமுழுக்கை மற்றொன்று ஏற்பதாக ஒப்பமிட்டன. எனவே திருமுழுக்குத் தொட்டி ஒன்றே இருப்பதற்கு இறையியல் தடை சொல்வது கடினம். பீடங்கள் இரண்டாக இருப்பதன் காரணத்தைக் கட்டடக்கலைஞரிடம் கேட்பதில் பயனில்லை. விடை திருவிருந்து பற்றிய கோட்பாட்டில் இருக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒருவர் மற்றவரின் திருவிருந்தில் பங்குகொள்ளலாம் என்று ஜெர்மானிய இறையியலாளர் குழுவொன்று 2019-இல் முன்மொழிந்தது. 2020 செப்டம்பரில் வத்திக்கான் அதை ஏற்க மறுத்தது.