விட்டதும் விடாததும்: தமிழ்க் கிறித்தவ வாழ்வில் நேர்மை குறித்து ஒரு சிந்தனை

சமயம் மாறிய ஒருவர் தம் பழைய வாழ்விலிருந்து எவற்றை விட்டுவிட வேண்டும், எவற்றை விடாது வைத்துக்கொள்ளலாம் என்னும் வினா, தமிழகக் கிறித்தவ வரலாறு நெடுகிலும் கேட்கப்பட்டு வந்துள்ளது. பண்பாட்டுத் தழுவல் என்னும் தலைப்பில் இதனை ஆராய்ந்தோர் பலர். வீரமாமுனிவரின் உடையிலிருந்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் விருத்தம் வரை அவ்வாய்வு விரிந்துள்ளது. ஆயின் அவ்வினாவை அறவியல் வினாவாகவும் நோக்க இடமுண்டு. விடாது வைத்துக்கொள்வது எப்போது நேர்மையாகிறது, எப்போது நேர்மைக் குறைவாகிறது என்பதே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

நேர்மை என்பதற்கு உள்ளும் புறமும் ஒத்திருத்தல் என நாம் பொதுவாகப் பொருள் கொள்கிறோம். உள்ளத்தோடு உண்மையையும், வாயோடு வாய்மையையும், உடம்போடு மெய்ம்மையையும் இயைத்துக் கூறும் தமிழ் மரபும் இக்கருத்தையே சுட்டுகிறது. கிறித்தவ மறையில் இதற்குத் தக்க சான்று ஒரு பந்தி. அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாதாரோடு உடனமர்ந்து உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்ததையும் அச்செயலை வெளிவேடம் எனக் கண்டித்ததையும் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் கூறுகிறது. பேதுருவின் கொள்கையில் பிழை இருந்ததாகப் பவுல் கூறவில்லை. பிழை அவர் பந்தியிலிருந்து எழுந்த செயலில் இருந்தது.

இவ்விடத்தில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) வாழ்வு நோக்கற்பாலது. சுவார்ட்சு ஐயரின் மாணாக்கர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். சரபோசி மன்னரின் இளமைத் தோழர். மன்னர் தம் தெய்வத்தின்மீது நூல் பாடுமாறு கேட்டபோது சாஸ்திரியார் இணங்கவில்லை என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் குறிப்பிடுவர். அரசனின் ஆதரவை நாடி வாழும் புலவர் ஒருவர் அரசனிடமே மறுத்துரைப்பது எளிதன்று. உள்ளும் புறமும் ஒத்த வாழ்வுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே சாஸ்திரியார் 1820களின் இறுதியில் தஞ்சையில் புதிதாக வந்த மறைப்பணியாளர்களை எதிர்த்து எழுதினார். அவர் முறையீடுகள் முதன்மையாக நான்கு. வழக்கிலிருந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினர். வழிபாட்டிலிருந்து தமிழ் இசைப்பாடல்களை அகற்றினர். மணவிழா முதலியவற்றில் பூக்களை விலக்கினர். கோவிலுள் சாதி வேறுபாடின்றி அமரவும் நற்கருணை பெறவும் வற்புறுத்தினர். இந்நான்கையும் கொடுமை என்னும் ஒரே சொல்லின்கீழ் அவர் வைத்தார். சாதி என்பது சமயத்தைச் சார்ந்ததன்று, ஐரோப்பியரிடையே உள்ள உயர்குடி, பொதுமக்கள் வேறுபாடு போன்ற உலக வழக்கே என்பது அவர் வாதம். இப்பூசலில் அவர் சபைப் பணியை இழந்தார். இதனைத் தன்னலம் என எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அவர் தாம் நம்பியதற்காகவே துன்புற்றார்.

இங்குத்தான் சிக்கல் எழுகிறது. உள்ளும் புறமும் ஒத்திருத்தலே நேர்மை எனின், மன்னரிடம் மறுத்த சாஸ்திரியாரும், தம்மினும் தாழ்ந்தவராகக் கருதப்பட்டோரோடு சமமாக அமர மறுத்த சாஸ்திரியாரும் ஒரே அளவில் நேர்மையாளர் ஆவர். எனவே அவ்வரையறை போதாது. பாடலையும் பூவையும் காப்பதற்குப் பயன்பட்ட அதே வாதம் சாதி இருக்கையைக் காப்பதற்கும் பயன்பட்டது. எங்கள் வழக்கத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்னும் அவ்வாதம் கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கிறது.

மறைப்பணியாளர் பக்கமும் குறையற்றதன்று. பூவையும் சாதியையும் ஒன்றாக மூட்டை கட்டி விலக்கச் சொன்னவர்கள் அவர்கள். தமிழரின் அழகுணர்வையும் தமிழரின் கொடுமையையும் வேறு பிரித்தறியாத ஆணையை மறுக்கும்போது, மறுப்பவரும் இரண்டையும் சேர்த்தே காக்க நேர்ந்தது எனலாம். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை முற்றாகவும் உடனடியாகவும் கைவிடுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். நம்பிக்கையை விடத் துணிந்தோர் இருக்கையை விடத் துணியவில்லை.

அவ்வாறாயின் பூவுக்கும் இருக்கைக்கும் இடையிலான வேறுபாட்டை எதனால் அறிவது? தொன்மையால் அறிய இயலாது, இரண்டும் தொன்மையானவை. தமிழ்மையாலும் இயலாது. விடாது வைத்துக்கொண்ட ஒன்றின் சுமை யார் தலையில் ஏறுகிறது என்று கேட்டால் வேறுபாடு புலனாகிறது. மணமகள் பூச்சூடுவதால் அடுத்திருப்பவர் எதையும் இழப்பதில்லை. கிருஷ்ணபிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்ற பின்னும் கம்பனை விடவில்லை. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் அவ்வாறு விடாமையின் விளைவு. அதனால் எவரும் எழுந்து ஒதுங்க வேண்டியிருக்கவில்லை. சாதி இருக்கையைக் காக்க வேண்டுமாயின், அருகில் ஒருவர் தள்ளி அமர்ந்தே ஆக வேண்டும். பிறர் செலவில் காக்கப்படும் அடையாளத்தை நேர்மை என்னும் சொல்லால் குறிப்பது தகாது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இவ்வளவுகோலை இன்றைய நிலையில் வைத்துப் பார்க்கும்போது வினா மேலும் கூர்மையாகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பார் தொடுத்த வழக்கில், பழைய இழிவுகள் புதிய சமயத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பது நிறுவப்படவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கிறித்தவராக வாழ்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து எனக் கூறுவது அரசமைப்பின்மீது இழைக்கப்படும் மோசடி என்று, புதுச்சேரி சார்ந்த வழக்கொன்றில் 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சான்றிதழில் ஒன்றும் ஆலயப் பதிவேட்டில் ஒன்றுமாக வாழ நேர்ந்த தலித் கிறித்தவரை நேர்மையற்றவர் எனலாமா? உள்ளும் புறமும் ஒத்திருத்தல் என்னும் முதல் வரையறைப்படி, எனலாம். நீதிமன்றம் கொண்ட அளவுகோலும் அதுவே. வள்ளுவரோ வாய்மையைத் தீங்கில்லாத சொல் என்று விளக்கியவர். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று இடமளித்தவர். இக்குறட்கருத்தைக் கொண்டு சான்றிதழை நியாயப்படுத்துவாரும் உளர். அது அவ்வளவு எளிதன்று. அந்த ஓரிடத்துக்குக் காத்திருந்த மற்றொரு தலித் இளைஞர் அதனை இழந்திருக்கக்கூடும். அப்போது அந்நன்மை குற்றமற்றது ஆகாது. பொய்யை எந்நிலையிலும் ஏற்காத அகுஸ்தீனாரும் இதனை மன்னிக்கமாட்டார். எனவே அச்செயலை வாய்மை என்று கூற இக்கட்டுரையாளரால் இயலவில்லை.

எனினும் நேர்மை பற்றிய வினாவை முதலில் அவரிடம் கேட்பது முறையா என்பது வேறு. சாஸ்திரியாரின் காலத்தில் உயர்த்தப்பட்ட சாதியார் கிறித்தவராகியும் சாதியைத் தம்மோடு எடுத்துவந்தனர். அதனால் அவர்கள் இழந்தது சிறிது. தலித் கிறித்தவரோ சாதியை விட்டுவிட விரும்பியே சமயம் மாறியவர். கோவில் அவரை விடவிடவில்லை. சட்டம், அவர் விட்டுவிட்டதாகவே கொண்டு கணக்கிடுகிறது. அவர் இரண்டு பெயர்களில் வாழ்வதற்கு முன்பே, அவரைச் சுற்றியுள்ள இரண்டு அமைப்புகள் அவரைப் பற்றி இரண்டு செய்திகளைக் கூறிக்கொண்டிருந்தன. இழிவு தொடர்கிறது என்பதைச் சபையே முன்வந்து ஒப்புக்கொண்டால்தான் நீதிமன்றம் கேட்ட சான்று கிடைக்கும். ஒப்புக்கொள்வது சபைக்கு நாணக்கேடு. இந்நாணமே அந்தியோக்கியாவில் பேதுருவிடம் இல்லாதிருந்தது என்பதையும் எண்ணிப்பார்க்கலாம். பிறர் காண எழுந்து விலகியதால்தான் அவர் அகப்பட்டுக்கொண்டார்.

சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இன்று தமிழ்ச் சபைகள் பலவற்றிலும் பாடப்படுகின்றன. அவர் எவரோடு ஒரே வரிசையில் நற்கருணை பெறத் தயங்கினாரோ, அவர்களின் வழிவந்தோரும் அப்பாடல்களை ஏட்டைப் பாராமலே பாடுவர். அடக்கத்தின்போதும் பாடுவர். பாடி முடித்த பின்னர்ச் சில ஊர்களில் பெட்டி கல்லறைத் தோட்டத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே செல்லும்.