எதுக்கும் இருக்கட்டும்

உங்களில் எத்தனை பேர் குரங்குப் பெடல் அடித்து சைக்கிள் கற்றுக்கொண்டவர்கள்? சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் முன் பாருக்குக் கீழே இருக்கிற முக்கோண இடைவெளியில் வலது காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தெருமுனை வரை ஓட்டியிருப்பீர்கள். முழங்காலில் அதன் முத்திரை இன்னும் இருக்கும். அந்த முக்கோணத்துக்கு அதைத் தவிர வேறு உபயோகம் உண்டென்று நாம் நினைத்ததே இல்லை. கடைக்காரர் தன் பெயர் எழுதிய தகரத்தை அதில் மாட்டிவைப்பார், அவ்வளவுதான்.

இப்போது அந்த இடத்துக்கென்றே பை தைத்து விற்கிறார்கள். ஃபிரேம் பேக் என்று பெயர். அதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்து, சம்பந்தமே இல்லாத ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

பைக்பேக்கிங் என்று ஒரு வழக்கம் மேல்நாடுகளில் இருக்கிறது. பைக் என்றதும் மோட்டார் சைக்கிளை நினைக்காதீர்கள். இது பெடல் மிதிக்கிற சமாசாரம். கூடாரம், படுக்கை, சாப்பாடு எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, தார் ரோட்டை விட்டு விலகி, காடு மலை என்று பல நாள் போவது. முன்பெல்லாம் கேரியரின் இரண்டு பக்கமும் பெரிய பைகளைத் தொங்கவிட்டார்கள். கரடுமுரடான பாதையில் அது ஆடும், புதரில் மாட்டும், போல்ட் கழன்று விழும். அதனால் கேரியருக்கே முழுக்குப் போட்டுவிட்டு, ஹேண்டில்பாரில் ஒரு சுருள், சீட்டுக்குப் பின்னால் ஒரு நீளப் பை, நடு முக்கோணத்தில் ஒரு பை என்று பிரித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அலாஸ்காவின் பனிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டியவர்கள் தாங்களே மெஷினில் தைத்துக்கொண்டு பழகியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

சரி, ஒரு பைதானே, வாங்கிவிட்டால் போச்சு என்பீர்கள். அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முழுப் பையா, அரைப் பையா? முழுப் பை முக்கோணம் மொத்தத்தையும் அடைத்துக்கொள்ளும். நிறையக் கொள்ளும். ஆனால் தண்ணீர் பாட்டில் மாட்டுகிற இடம் போய்விடும். பாட்டிலை முன் ஃபோர்க்கில் கட்டவேண்டும், இல்லையென்றால் பைக்குள்ளேயே தண்ணீர்ப் பை வைத்து ட்யூபில் உறிஞ்சவேண்டும். அரைப் பை மேல் பாரை ஒட்டி நின்றுகொண்டு பாட்டிலுக்கு வழி விடும். ஆனால் அதில் பாதிதான் கொள்ளும். குள்ளமானவர்களின் சைக்கிளில் முக்கோணமே சின்னது. பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்த வண்டியில் இன்னும் சுருங்கிவிடும். அட்டையை வெட்டி உள்ளே பொருத்திப் பார்த்த பிறகே வாங்கு என்கிறார்கள் அனுபவஸ்தர்கள். அகலத்தையும் பார்க்கவேண்டும். பை உப்பியிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் உரசும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மிதி! திணிக்கத் திணிக்க முதலில் உயிரை விடுவது ஜிப். அதில் மணலும் சேறும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கனமான சாமான்களுக்கு இந்தப் பைதான் சரி. ஸ்பேனர், ட்யூப், பேட்டரி, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் இங்கே போகவேண்டும். கனம் நடுவிலும் கீழேயும் இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும். சீட்டுக்குப் பின்னால் கனத்தை ஏற்றினால் மாட்டு வால் மாதிரி ஆட்டிக்கொண்டே வரும்.

சூட்கேஸ் என்றால் மேலே ஏறி உட்கார்ந்து மூடலாம். வீட்டில் ஒரு குண்டுப் பையனை உட்காரவைத்தும் மூடலாம். இந்தப் பைக்கு மூன்று பக்கமும் இரும்புக் குழாய். அது யாருக்காகவும் வளையாது. ஒன்று உள்ளே போகவேண்டுமானால் இன்னொன்று வெளியே வந்தாகவேண்டும்.

நம் வீடுகளில் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது ஒரு மந்திரம் ஒலிக்கும், கவனித்திருப்பீர்கள். 'எதுக்கும் இருக்கட்டும்.' ஸ்வெட்டர்? எதுக்கும் இருக்கட்டும். இன்னொரு டார்ச்? எதுக்கும் இருக்கட்டும். ஊறுகாய் பாட்டில், பழைய பேப்பர், பத்து மீட்டர் நைலான் கயிறு. அந்த 'எது' என்னவென்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப்பாருங்கள், ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் ஒரு பயம் உட்கார்ந்திருக்கும். குளிர், இருட்டு, வயிற்றுவலி, சம்பந்தி வீட்டுச் சாப்பாடு. பத்து கிலோ மூட்டையில் எட்டு கிலோ பயம்தான்.

'அதான், சுமையைக் குறை, பற்றை விடு' என்று இந்த இடத்தில் ஒரு தத்துவம் வரவேண்டும். வழக்கமாக வரும். நானும் பல வருடம் அந்தக் கட்சிதான். எந்த ஊருக்குப் போனாலும் தோளில் ஒரே ஒரு பை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் கூட உண்டு. ஒரு கல்யாணத்தில் உறவினர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி குறுக்கிட்டாள். "துண்டு யார் குடுத்தா? சோப்பு? சார்ஜர்? ராத்திரி தைலம் யார் பையிலேர்ந்து வந்துது? உங்க ஒரு பையை நாலு பேரு தூக்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே குத்தியது.

நான் இறக்கிவைத்த சுமை மறையவில்லை, வேறு யாருடைய தோளிலோ ஏறியிருக்கிறது. அப்படியானால் லேசாகப் போவது நல்ல குணமா, நாசூக்கான சுரண்டலா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசூலா என்று ஓர் ஊர். 1897 ஜூன் 14-ம் தேதி அங்கிருந்த ராணுவ முகாமிலிருந்து 20 சிப்பாய்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். 25-வது காலாட்படையைச் சேர்ந்தவர்கள். சிப்பாய்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள், அதிகாரி வெள்ளைக்காரர். ஜேம்ஸ் மாஸ் என்ற லெப்டினென்ட். (வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தன் வகுப்பில் கடைசி ரேங்க் வாங்கியவர். கடைசி பெஞ்ச்காரர்கள் சந்தோஷப்படலாம்.) குதிரைக்குப் பதில் சைக்கிள் உதவுமா என்று பார்ப்பதற்காக செயின்ட் லூயிஸ் வரை 1,900 மைல். ஜூலை 24-ம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். சேறு, மணல், கெட்ட தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கு, ரோடு இல்லாத இடத்தில் ரயில் தண்டவாளக் கட்டைகளின் மேல் தடதடவென்று ஓட்டம். சுமையோடு ஒரு சைக்கிளின் எடை சராசரி 59 பவுண்டு, ஏறக்குறைய 27 கிலோ. துப்பாக்கி தனி.

அவர்கள் சைக்கிளில் அந்த முக்கோணம் காலியாக இல்லை. அதற்குள் அளவெடுத்துப் பொருத்திய ஒரு கெட்டிப் பெட்டி. இன்றைய ஃபிரேம் பேக்குக்குப் பாட்டன்! ஆனால் அதில் என்ன வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை சிப்பாய்க்கு இல்லை. அது உத்தரவு. அதைவிட முக்கியம், வழி முழுக்க சுமார் நூறு மைலுக்கு ஓர் இடத்தில் அவர்களுக்கான உணவு முன்கூட்டியே அனுப்பிவைக்கப்பட்டிருந்தது. சைக்கிளின் சுமை குறைந்ததென்றால், மிச்சத்தை ரயில் தூக்கியது. ராணுவ சோதனையிலும் என் கல்யாண வீட்டுக் கதைதான்.

அதே மிசூலாவில் இருக்கிற ஒரு சைக்கிள் சங்கம் 1990-களின் இறுதியில், ராக்கி மலைத் தொடரை ஒட்டி நீளமான ஒரு மண்பாதைத் தடத்தை வரைபடமாக்கியது. அதில் 2008-லிருந்து டூர் டிவைட் என்று ஒரு பந்தயம் நடக்கிறது. கனடாவின் பான்ஃப் நகரத்தில் புறப்பட்டு மெக்ஸிகோ எல்லை வரை, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. ஒரே கண்டிப்பு: உன் பாடு உன்னோடு. கடையில் வாங்கலாம், ஏனென்றால் கடை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உன் நண்பன் வழியில் தண்ணீரோடு நிற்கக் கூடாது, ஏனென்றால் அவன் உனக்கு மட்டும் நண்பன். எனக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடித்திருக்கிறது. நம் ஆபீஸ்களில் கூட அமல்படுத்தலாம்.

அந்தப் பாதையில், வயோமிங்கில், கிரேட் டிவைட் பேசின் என்று ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. அங்கே பெய்கிற மழை அட்லான்டிக்குக்கும் போகாது, பசிபிக்குக்கும் போகாது, அங்கேயே வற்றிவிடும். நூறு மைலுக்கு மேல் கடை கிடையாது. தண்ணீர் கிடைப்பதும் அபூர்வம். இப்போது யோசியுங்கள். ஒருவர் முழுப் பை நிறையத் தண்ணீரோடு மெதுவாக வருகிறார். இன்னொருவர் வேகத்துக்காக ஒரே பாட்டிலோடு அவரைத் தாண்டிப் போகிறார். நாற்பது மைல் தள்ளி, வேகமானவர் நாக்கு வறண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். மெதுவாக வந்தவர் தண்ணீர் தரவேண்டுமா?

தரவேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பந்தய விதி என்ன சொன்னாலும் தாகம் முதலில். ஆனால் தந்த பிறகு ஒரு கணக்கு பாக்கி நிற்கிறது. தாண்டிப் போனபோது அவருக்கு இருந்த வேகம் யாருடையது? அவர் தூக்காத தண்ணீரை அவருக்காக இவர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், இருவருக்கும் தெரியாமலே.

மத்தேயு சுவிசேஷத்தில் பத்துக் கன்னியர் கதை வருமே. ஐந்து பேர் விளக்குக்கு உபரி எண்ணெய் கொண்டுவந்தார்கள், ஐந்து பேர் கொண்டுவரவில்லை. கேட்டபோது முதல் ஐவர் தர மறுத்துவிட்டார்கள். சின்ன வயதில் இந்தக் கதை கேட்டு, என்ன கஞ்சத்தனம் என்று கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த ஐவர் பக்கமும் புரிகிறது. பங்கு போட்டிருந்தால் பத்து விளக்குகளும் பாதி வழியில் அணைந்திருக்கும். இருந்தாலும் அந்தக் கதவு சாத்தப்படுகிற இடம் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

ஒரு பை வாங்குவதற்கு இவ்வளவு யோசிக்கவேண்டுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. யோசித்ததில் எனக்குக் கிடைத்த ஒரு சின்ன வழி: எது இல்லாவிட்டால் கஷ்டம் எனக்கு மட்டுமோ, அதை விட்டுவிட்டுப் போக எனக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவது சட்டை, தலையணை, காபிப் பொடி. எது இல்லாவிட்டால் இன்னொருவர் தன் வேலையை விட்டு என்னைத் தேடி வரவேண்டியிருக்குமோ, அதை விட எனக்கு உரிமை இல்லை. தண்ணீர், விளக்கு, ஒரு ட்யூப், பிரேக் கட்டை. முதல் வகை என் பயம், இரண்டாவது வகை என் கடமை. இரண்டும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரே குரலில் பேசுவதால்தான் இத்தனை குழப்பம்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்லாவற்றையும் தானே கொண்டுவருகிறவன் யார் கதவையும் தட்டமாட்டான். அதே பாதையில் நியூ மெக்ஸிகோவில் பை டவுன் என்று ஓர் ஊர். (நம் பை இல்லை. அது தின்கிற பை.) அங்கே டோஸ்டர் ஹவுஸ் என்று ஒரு வீடு, வாசலில் பழைய டோஸ்டர்கள் தொங்கும். பல வருடங்களாக நடைபயணிகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்ட வீடு. வருகிறவர்கள் தங்களுக்கு அதிகப்படியாகப் பட்டதை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள், அடுத்து வருகிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். ஒருவரின் உபரிப் பயம் இன்னொருவருக்கு ராத்திரிச் சாப்பாடு. எதுவுமே குறையாத பையோடு வருகிறவனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

அந்த 20 சிப்பாய்களின் ஹேண்டில்பார் சுருளில் போர்வையோடு இன்னொன்றும் இருந்தது. கூடாரத் துணி. முழுக் கூடாரம் இல்லை, ஆளுக்குப் பாதி. அதைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி இரண்டு பேர் தங்கள் பாதிகளை இணைத்தால்தான் இருவருக்கும் கூரை. அன்றைக்குப் பகலில் இருவருக்கும் சண்டை நடந்திருந்தாலும்.

அடுத்த வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். துண்டு, சோப்பு, சார்ஜர், தைலம் எல்லாவற்றையும் இந்தத் தடவை என் பையில் நானே எடுத்துவைத்துவிட்டேன். குடை விஷயம்தான் இழுபறி. "ஒண்ணு போதும், சேர்ந்துதானே நடக்கப்போறோம்" என்கிறாள்.

நான் இரண்டு எடுத்துவைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.