யாரும் பார்க்காத இடத்தில்

1

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) என்றதும் பலரும் ரயிலைத்தான் சொல்வார்கள். நாணல் பூத்த வெளி, ஓடும் அக்காவும் தம்பியும், தூரத்தில் கரும்புகை. எனக்கு அந்தப் படத்தில் மனதைவிட்டுப் போகாதது ஒரு மணிமாலை.

முதல் பாதியில் பக்கத்து வீட்டுக்காரி வந்து சத்தம் போடுகிறாள்: தன் மகளின் மாலையை அக்கா துர்கா எடுத்துவிட்டாளாம். துர்கா இல்லவே இல்லை என்கிறாள். அவமானம் தாங்காமல் அம்மா சர்வஜயா மகளின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே தள்ளுகிறாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அப்புறம் மழை, காய்ச்சல், துர்காவின் சாவு. குடும்பம் ஊரை விட்டுக் காசிக்குக் கிளம்பும் நாளில், தம்பி அபு சாமான்களை எடுத்துவைக்கும்போது ஒரு சிரட்டை கைக்கு வருகிறது. உள்ளேயிருந்து ஒரு சிலந்தி ஓடுகிறது. மாலை அதற்குள் கிடக்கிறது.

அபு யாரையும் கூப்பிடவில்லை. மாலையை எடுத்துக்கொண்டு குளத்துக்கு ஓடுகிறான், வீசுகிறான். விழுந்த இடத்தில் பாசி விலகிக் கறுப்பாகத் தண்ணீர் தெரிகிறது. பிறகு பாசி மெல்ல நகர்ந்துவந்து அந்த ஓட்டையை மூடப் பார்க்கிறது. கேமரா அதை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

2

அக்கா திருடினாள். அவள் சொன்னது பொய். இது அபுவுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். சர்வஜயாவுக்குத் தெரியாது, அப்பா ஹரிஹருக்குத் தெரியாது, மாலையைப் பறிகொடுத்த வீட்டுக்காரிக்கும் கடைசிவரை தெரியப்போவதில்லை.

மனதில் தங்கும் காட்சிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் வந்து நிற்கும் இடம் இதுதான். அழகான ஒளி, நல்ல நடிப்பு, சரியான இசை எல்லாம் வேண்டும்தான். ஆனால் அவை அத்தனையும் அமைந்த எத்தனையோ காட்சிகள் மறுவாரமே மறந்துபோகின்றன. தங்கும் காட்சி வேறொன்று செய்கிறது. படத்துக்குள் இருக்கும் எவருக்கும் தெரியாத, அல்லது ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. நாம் அதற்குச் சாட்சி ஆகிவிடுகிறோம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க இடம் இல்லை.

3

நம் சினிமாவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நாயகன் ஒரு வசனம் பேசியதும் உடன் நிற்கும் நண்பன் முகத்துக்கு ஒரு கட். அவன் வியக்கிறான். அம்மா முகத்துக்கு ஒரு கட். அவள் கண் கலங்குகிறாள். எடிட்டிங் அறையில் ‘ரியாக்‌ஷன்’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்பார்கள்: இதுக்கு ரியாக்‌ஷன் இருக்கா? இருந்தால் வெட்டி ஒட்டிவிடலாம்.

அது தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆனால் எங்கே நமக்குப் பதிலாகத் திரையில் ஒருவர் அழுதுவிடுகிறாரோ, அங்கே நம் வேலை முடிந்துபோகிறது. சாட்சிக் கூண்டில் ஏற்கெனவே ஆள் நிற்கிறார். நாம் எழுந்து போகலாம்.

அபு மாலையை வீசும்போது ராய் அப்படி ஒரு முகத்தையும் வைக்கவில்லை. குளக்கரையில் ஒருவரும் இல்லை.

4

யாசுஜிரோ ஓசுவின் ‘லேட் ஸ்பிரிங்’ (1949). மனைவியை இழந்த பேராசிரியர் ஒருவர். அவரை விட்டுப் போக மனமில்லாமல் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் மகள் நோரிகோ. தானும் மறுமணம் செய்துகொள்ளப்போவதாக அப்பா ஒரு பொய் சொல்கிறார். மகள் சம்மதிக்கிறாள். திருமணத்துக்கு முன் இருவரும் கியோத்தோவுக்கு ஒரு பயணம் போகிறார்கள்.

அங்கே விடுதி அறையில், விளக்கணைத்த இருட்டில், பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. மகள் ஏதோ சொல்லத் தொடங்குகிறாள். அப்பா தூங்கிவிட்டார், குறட்டை கேட்கிறது. நோரிகோ முகத்தில் ஒரு புன்னகை. கட். அறை மூலையில் ஒரு பூச்சாடி, பின்னால் தாள் சன்னலில் மூங்கில் நிழல். கட். நோரிகோவின் முகம் இப்போது அழுகையின் விளிம்பில் இருக்கிறது. மறுபடி பூச்சாடி.

அந்தப் பூச்சாடி எதைக் குறிக்கிறது என்று திரைக்கலைஞர் பால் ஷ்ரேடர் முதல் தத்துவவாதி ஜில் டெல்யூஸ் வரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடக் குறட்டைதான் முக்கியமாகப் படுகிறது. அப்பா தூங்கிவிட்டார். புன்னகைக்கும் கண்ணீருக்கும் நடுவே அவளுக்கு என்ன நடந்ததோ, அதைப் பார்க்க விழித்திருந்தது நாம் மட்டும். அதிலும் அது நடந்த அந்தச் சில வினாடிகள் ஓசு நம்மைப் பூச்சாடியைப் பார்க்கவைத்துவிட்டார். நாமும் முழுதாகப் பார்க்கவில்லை.

5

அதே படம். கல்யாணத்தைக் காட்டவே இல்லை; மாப்பிள்ளை ஒருமுறைகூடத் திரையில் வரவில்லை. எல்லாம் முடிந்து அப்பா தனியாக வீடு திரும்புகிறார். நாற்காலியில் உட்கார்ந்து ஓர் ஆப்பிளைத் தோல் சீவுகிறார். கத்தி ஓட ஓடத் தோல் அறுபடாமல் நீண்டு தொங்குகிறது. பிறகு கை நின்றுபோகிறது. தோல் கீழே விழுகிறது. தலை கவிழ்கிறது. அடுத்தது கடலலை, படம் முடிகிறது.

அப்பாவாக நடித்த சிஷூ ரியூ பின்னாளில் சொல்லியிருக்கிறார்: அந்த இடத்தில் வாய்விட்டு அழும்படி ஓசு கேட்டாராம். தன்னால் முடியாது என்று இவர் சொல்ல, ஓசு வற்புறுத்தவில்லை. ஒரு நடிகரின் தயக்கம் அந்தக் காட்சியைக் காப்பாற்றியிருக்கிறது. அழுதிருந்தால் அவர் துக்கம் அங்கேயே கொட்டித் தீர்ந்திருக்கும். அழாததால் அது எங்கும் போகாமல் அங்கேயே நிற்கிறது, அதோடு நாமும்.

6

மறுபடி ராய். ஊர் ஊராக வேலை தேடிப்போன ஹரிஹர் திரும்பி வருகிறார். புயலில் வீடு சிதைந்து கிடக்கிறது. துர்கா இறந்தது அவருக்குத் தெரியாது. உற்சாகமாகப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்: பூரிக்கட்டை, லட்சுமி படம், கடைசியில் துர்காவுக்கு ஒரு சேலை. சர்வஜயா அதை வாங்கி முகத்தோடு அழுத்திக்கொண்டு உடைந்து போகிறாள்.

அவள் வாய் திறக்கிறது, அலறல் கேட்கவில்லை. அதற்குப் பதில் தார் ஷெனாய் என்ற, வில்லால் இழுத்து வாசிக்கும் நரம்புக் கருவி உச்சத்தில் கிறீச்சிடுகிறது. படத்துக்கு இசை ரவிசங்கர். பெரும்பகுதியை ஒரே இரவில் உட்கார்ந்து வாசித்து முடித்தார்கள். அழுகையை எடுத்துவிட்டு இசையை வைத்த தீர்மானத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த இசை வருமுன்னரே காட்சி நம்மைப் பிடித்துவிட்டது. பையைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. பூரிக்கட்டையை எடுக்கும்போதே, அடுத்து சேலை வந்துவிடக் கூடாதே என்று மனம் பதைக்கிறது. இங்கே தெரிந்திருப்பதே பாரம். அந்தப் பாரத்தை நாம் சுமக்கும்படி ராய் நேரம் கொடுக்கிறார். அதனால்தான் ஹரிஹர் மூன்று பொருள் எடுக்கிறார். முதலிலேயே சேலையை எடுத்திருந்தால் அது ஒரு செய்தியாக முடிந்திருக்கும்.

7

நேரம் என்றதும் கீஸ்லோவ்ஸ்கி நினைவுக்கு வருகிறார். ‘த்ரீ கலர்ஸ்: ப்ளூ’ (1993) படத்தில் ஜூலி கார் விபத்தில் கணவனையும் மகளையும் இழந்தவள். எல்லோரையும் உதறிவிட்டுத் தனியாக வந்து பாரிஸில் ஒளிந்து வாழ்கிறாள். அவளை விரும்பும் ஒருவர் தேடி அலைந்து ஒரு காபிக் கடையில் கண்டுபிடிக்கிறார். வெளியே தெருவில் ஒருவர் குழல் வாசிக்கிறார். ஜூலி ஒரு சர்க்கரைக் கட்டியைக் காபியின் விளிம்பில் தொட்டுப் பிடிக்கிறாள். திரை நிறைய அந்தக் கட்டி. காபி ஏறி ஏறி வெள்ளை முழுதும் பழுப்பாகிறது. அவள் விரல் விடுகிறது.

அந்தக் கட்டி ஐந்து வினாடியில் ஊறிவிட வேண்டும் என்று கீஸ்லோவ்ஸ்கிக்கு இருந்தது. அதற்கு மேல் போனால் பார்ப்பவர் பொறுக்க மாட்டார் என்பது அவர் கணக்கு. எந்தச் சர்க்கரை அப்படி ஊறும் என்று உதவியாளரை விட்டுச் சோதிக்கவைத்ததை அவரே விளக்கியிருக்கிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் படப்பிடிப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும், மனதில் நிற்கும் ஷாட்டுகளில் பாதி இப்படிப்பட்ட அற்ப வேலைகளால் ஆனவை.

அந்த ஐந்து வினாடி அவளுக்கு உலகத்தில் அந்தக் கட்டி மட்டும்தான். தேடி வந்தவரின் அன்பு வேண்டாம், தெருவின் இசை வேண்டாம். அவள் எவ்வளவு தூரம் விலகிவிட்டாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு கிட்டத்தில் காட்டப்பட்டதால் நமக்குத் தெரிகிறது.

8

பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988). வேலைக்குப் போகும் சுதா, கடனிலும் கைக்காசிலும் ஒரு சின்ன வீட்டைக் கட்டப் படாத பாடு படுகிறாள். பாட்டே இல்லாத படம். தாத்தா முருகேசனாக வருபவர் நாடக மேடையிலிருந்து வந்த சொக்கலிங்க பாகவதர்.

பாதி கட்டிய வீட்டைப் பார்க்க ஒருநாள் தாத்தா தனியாகப் பஸ் ஏறிப் போகிறார். வீட்டார் யாரும் உடன் இல்லை. பூசாத செங்கல் சுவர்கள், கதவில்லாத நிலைவாசல்கள். அவர் அறை அறையாக நடக்கிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். முகத்தில் குழந்தையின் சந்தோஷம். பின்னால் இளையராஜாவின் இசை. திரும்பும் வழியில் இறந்துபோகிறார்.

தாத்தா அந்த வீட்டில் ஒரு நடை நடந்தார், மனம் நிறைந்து நடந்தார் என்பது சுதாவுக்குத் தெரிய வழியில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போய்விட்டார் என்பது. பிறகு அந்த நிலத்துக்கே வில்லங்கம் வந்து வீடு பாதியில் நிற்கும்போது, அவளுக்கு அது கடனும் தோல்வியும். நமக்கு மட்டும் அது ஒருவர் ஒரு மத்தியானம் குடியிருந்துவிட்டுப் போன வீடு. இந்த ஆறுதலை அவளிடம் சொல்ல முடியாமல் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

9

சாட்சி படத்துக்குள்ளேயே இருந்தால்?

விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) அதற்கு ஒரு பதில். சைக்கிளைப் பறிகொடுத்த அந்தோனியோ கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடத் துணிகிறான். அதற்கு முன் மகன் புரூனோவை டிராமில் போய்விடச் சொல்கிறான். பையன் டிராமைத் தவறவிடுகிறான். அதனால் அப்பாவைத் துரத்திப் பிடித்து அறைவதைப் பார்க்கிறான். அழுதுகொண்டு நிற்கும் பையனைப் பார்த்துத்தான் சைக்கிள்காரர் புகார் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்.

கூட்டத்தோடு நடந்துபோகையில் புரூனோ அப்பாவின் கையைப் பிடிக்கிறான். பார்த்தவன் என்ன செய்வது என்ற கேள்விக்கு எட்டு வயசுப் பையனிடம் பதில் இருக்கிறது. நமக்கு அந்தக் கை எட்டாது. அவன் செய்வதை ஆசையோடு பார்க்கத்தான் முடியும்.

10

என் எண்ணத்துக்கு அடங்காத ஒரு காட்சியையும் எழுதிவைக்க வேண்டும். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) கடைசிக் காட்சி. அங்கே ரகசியமே இல்லை. ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது. வீட்டுக்கும் ஊருக்கும் கொடுமை செய்த சுந்தரவடிவேலுவைத் தண்ணீரில் இறங்கச் சொல்கிறது. இத்தனை நாள் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்த பெரிய தப்பு இதுதான் என்ற பொருளில் அவன் பேசுகிறான். பிறகு ஆறு, கரையோரம் நடக்கும் அவன் குழந்தைகள்.

இங்கே தனியாகப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பார்த்தவர் யாருக்கும் தப்ப வழியும் இல்லை. படம் நெடுக அவன் ஒழிந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே வந்தவர்கள் நாம். ஊரோடு சேர்ந்து நாமும்தான் அவனைத் தள்ளினோம். மற்ற காட்சிகள் நம்மைச் சாட்சியாக நிறுத்தின. மகேந்திரன் சாட்சியையே குற்றவாளிகளின் வரிசையில் சேர்த்துவிடுகிறார். பார்ப்பதற்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதை இதைவிடக் கடுமையாகச் சொன்ன தமிழ்க் காட்சி எனக்குத் தெரியவில்லை.

11

இந்தக் காட்சிகளை இப்போது இரண்டு நிமிடத் துண்டுகளாக ஃபோனில் பார்க்கலாம். மாலை குளத்தில் விழும். தாத்தா சுவரைத் தொடுவார். அழகாகவே இருக்கும். ஆனால் துண்டாகப் பார்ப்பவருக்கு அது யாருடைய மாலை என்று தெரியாது. சர்வஜயா முடியைப் பிடித்து இழுத்த காட்சியில் அவர் உடன் இல்லை. நடுவில் வந்தவர் சாட்சி சொல்ல முடியாது. அதற்கு முன் ஓடிய நேரம் காட்சிக்கு வெளியே இருப்பதாகத் தோன்றும்; அதுதான் காட்சியின் பெரும்பகுதி.

பிடித்த காட்சியை ஏன் எப்போதும் இன்னொருவரிடம் சொல்லத் துடிக்கிறோம்? கேட்பவர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் சொல்கிறோம், முழுதாக, கையசைத்து, முதலிலிருந்து. ரசனையைக் காட்டிக்கொள்ளத்தான் என்று முன்பு தோன்றும். இப்போது வேறு காரணம் தெரிகிறது. துர்கா எடுத்தது சர்வஜயாவுக்குச் சொல்லப்படாது. தாத்தா வந்துபோனது சுதாவுக்குச் சொல்லப்படாது. நோரிகோவின் அப்பா ஆப்பிள் சீவும்போது எப்படி இருந்தார் என்று அவளுக்கு யாரும் எழுதப்போவதில்லை. படத்துக்குள் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல முடியாது. ஆகவே கையில் கிடைத்தவரிடம் சொல்கிறோம்.